காலையில எழுவான்கரை, பின்னேரம் படுவான்கரை: மாசி பங்குனியில குருவி பாக்கப் போற புது ஆக்களுக்கு

குருவி பாக்கப் பழகின முதல் மாசம் நான் செஞ்ச மடத்தனத்த முதல்ல சொல்லிர்றன். வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு நேரா ஆத்தங்கரைக்கு, அதாவது மட்டக்களப்பு வாவிக் கரைக்குப் போவன், கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில ஒரு இடம். பைனோகுலர கண்ணுல வெச்சா எல்லாமே கறுப்பு. கொக்கும் கறுப்பு, ஆலாவும் கறுப்பு, கட்டுக்கம்புல குந்தியிருக்கிற எல்லாமே எனக்கு நீர்க்காகம்தான். ரெண்டு கிழமையா "இண்டைக்கும் நீர்க்காகம்" எண்டு கொப்பியில எழுதிக்கொண்டு வந்தன். பக்கத்துல தோணியில வலைய உதறிக்கொண்டிருந்த ஒரு ஐயா ஒருநாள் கேட்டார், "தம்பி, வெயில மொகத்துல வாங்கிக்கொண்டு என்னத்த தேடுறீங்க?" நான் விசயத்த சொன்னன். அவர் சிரிச்சிட்டு, "இந்தக் கரைக்கு ஏன் எழுவான்கரை எண்டு பேரு? இஞ்ச நிண்டா காலையில வெயில் முதுகுல படும், எல்லாம் வடிவாத் தெரியும். பின்னேரம் பாக்கிறதெண்டா அக்கரைக்குப் போங்க" எண்டார்.

அவ்வளவுதான். பொறந்ததில இருந்து எழுவான்கரை (சூரியன் எழும்புற கிழக்குக் கரை), படுவான்கரை (சூரியன் படுற மேற்குக் கரை) எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம், அதுக்குள்ளேயே பாடம் கிடந்திருக்கு. காலையில கிழக்குக் கரையில நிண்டு மேற்க பாருங்க, பின்னேரம் மேற்குக் கரையில நிண்டு கிழக்க பாருங்க. வெளிச்சம் எப்பவும் உங்கட முதுகுக்குப் பின்னால இருக்கணும். பைனோகுலர் வாங்கக் காசில்லாட்டியும் பரவால்ல, இது ஒண்ட பிடிச்சிட்டீங்கண்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஏன் இப்ப?

ஐப்பசி கார்த்திகையில வந்த வெளிநாட்டுக் குருவியள் எல்லாம் இன்னும் இஞ்சதான் நிக்கிது, ஆனா போறதுக்கு ஆயத்தமாகுது. சைபீரியா, மொங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கம் இருந்து இந்தியா ஊடாக இறங்கி வாற பாதையில இலங்கைதான் கடைசித் தரிப்பு, இதுக்கு அங்கால தெற்கால கடல்தான். மார்கழி தையில மழை, வெள்ளம், ரோட்டுல தண்ணி, வெளிய போகவே ஏலா. மாசி நடுப்பகுதிக்குப் பிறகுதான் வானம் வெளிக்கும். "மாசிப்பனி மூசிப் பெய்யும்" எண்டு சொல்லுவாங்களே, அந்தப் பனியோட வெள்ளாப்புல (விடியப்பொறத்துல) போனா ஆத்துல காத்தே இருக்காது, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும்.

மற்றது இந்த மாசத்துலதான் உடுப்பு மாத்திறது நடக்குது. குளிர்காலம் முழுக்க சாம்பலும் வெள்ளையுமா ஒரே மாதிரி இருந்த கரைக்குருவியள், போறதுக்கு முதல் இனப்பெருக்கக் கலருக்கு மாறும். சில உப்புக்கொத்தியள்ட நெஞ்சு செங்கல் நிறத்துக்கு வரும், முதுகுல தங்கப்பொடி தெளிச்ச மாதிரி இருக்கிற பெரிய உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கத் தொடங்கும், மீசை ஆலாவுக்கு உச்சந்தலை முழுக்க கறுத்து, வயிறு கரும்சாம்பலாகி, கன்னத்துல வெள்ளைக் கோடு மீசை மாதிரி எடுப்பாத் தெரியும். அரைவாசி மாறின குருவியப் பாத்தா புத்தகத்துல இருக்கிற ரெண்டு படத்தோடயும் ஒத்துவராது. குழம்பாதீங்க. நீங்க பிழையாப் பாக்கல்ல, அது இன்னும் உடுத்தி முடிக்கல்ல.

வேளாண்மை வெட்டும் (நெல் அறுவடையும்) இந்த நேரம்தான். அதப்பத்தி பிறகு சொல்லுறன், அது தனிக் கதை.

சாமான்

பைனோகுலர்ல ரெண்டு நம்பர் இருக்கும். 8x42 எண்டா எட்டு மடங்கு கிட்டக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு 8x42 இல்லாட்டி 8x32 போதும். 10க்கு மேல போனா கை நடுக்கத்துல படம் ஆடும், குருவியக் கண்டுபிடிக்கவும் கஷ்டம். நான் முதல்ல ஒன்லைன்ல ஒண்டு வாங்கினன், பெட்டியில 60x60 எண்டு போட்டிருந்துது, அறுபது மடங்காம். வந்ததப் பாத்தா சந்தியில பொடியனுக்கு வாங்கிக் குடுக்கிற விளையாட்டுச் சாமான், சந்திரனையும் லைட்கம்பத்தையும் பிரிச்சுப் பாக்க ஏலா. நம்பர் கூடக்கூட சாமான் நல்லம் எண்டு நினைக்காதீங்க. யாராவது தெரிஞ்ச ஆக்கள்ட பழசு இருந்தா இரவல் வாங்கி ரெண்டு கிழமை பாவிச்சுப் பாத்திட்டு மறுகா வாங்குங்க.

வாங்கினதும் உங்கட கண்ணுக்கு ஏத்த மாதிரி சரிபண்ணணும், மிச்சம் பேர் இத செய்யிறல்ல. வலது கண்ண மூடிக்கொண்டு தூரத்துல இருக்கிற ஒரு போர்ட்ட நடு வளையத்தால தெளிவாக்குங்க. மறுகா இடது கண்ண மூடிக்கொண்டு, நடு வளையத்தத் தொடாம, வலது கண்ணுக் குழாயில இருக்கிற சின்ன வளையத்த மட்டும் கிறுக்கி அதே போர்ட்ட தெளிவாக்குங்க. முடிஞ்சுது, இனிமே நடு வளையம் மட்டும் போதும். கண்ணாடி போட்ட ஆக்கள் கண்ணுல வைக்கிற றப்பர மடிச்சுவிடுங்க.

குருவிய பைனோகுலருக்குள்ள கொண்டு வாறதும் ஒரு பழக்கம்தான். குருவியக் கண்டதும் குனிஞ்சு பைனோகுலரத் தேடக்கூடாது. கண்ண குருவியில இருந்து எடுக்காம, கையால மட்டும் பைனோகுலர கண்ணுக்குத் தூக்குங்க. வீட்டு வளவுல காகத்த வெச்சுப் பழகுங்க, காகம் கோவிக்காது.

இதோட ஒரு தொப்பி, தண்ணிப் போத்தல், சின்னக் கொப்பி, பென்சில். பேனையெண்டா பனியில எழுதாது. வெள்ளைச் சேட்டும் சிவப்புச் சேட்டும் வீட்டுல இருக்கட்டும்.

ஒரு இடத்தப் பிடிங்க

புதுசா வாற எல்லாரும் முதல்ல கேக்கிறது "குமணைக்கு எப்ப போவம்?" குமணை பெரிய இடம்தான், 1938ல பறவைச் சரணாலயமா அறிவிச்சது, 200 ஹெக்டயர் அளவுல வில்லுக்குளம் இருக்கு. ஆனா அங்க ஆயிரக்கணக்குல கூடு கட்டிறது வைகாசி ஆனிப் பக்கம், இப்ப இல்ல. கதிர்காமப் பாதயாத்திரை போன ஆக்கள் ஒகந்தையில இருந்து அந்தக் காட்ட நடந்தே கடந்திருப்பீங்க, அந்த நேரத்துல மரத்துல பாத்திருந்தா கூட்டையும் கண்டிருப்பீங்க. இப்ப மாசி பங்குனியில வீட்டுல இருந்து பைக்குல பதினைஞ்சு நிமிசத்துல போகக்கூடிய ஒரு குளம் இல்லாட்டி ஒரு ஆத்தங்கரைய எடுத்துக்கொண்டு, கிழமைக்கு ஒருக்கா, அதே நேரத்துக்கு, அதே இடத்துல நில்லுங்க. பத்து இடத்துக்கு ஒருக்காப் போறதவிட ஒரே இடத்துக்குப் பத்துத்தரம் போனாத்தான் யாரு ஊர்க்காரன், யாரு விருந்தாளி, யாரு போயிட்டான் எண்டு தெரியவரும்.

எது உங்கட இடம்? எனக்குத் தெரிஞ்சத சொல்லுறன்.

மட்டக்களப்பு டவுண் ஆக்களுக்கு கல்லடிப் பழைய பாலம்தான் முதல் பள்ளிக்கூடம். வெள்ளாப்புல நடக்கிற ஆக்களோட ஆளா நிண்டு பாக்கலாம், யாரும் ஒரு மாதிரிப் பாக்க மாட்டாங்க. செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமடிக்கும், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்துல செட்டைய அடிச்சு நிண்டு செங்குத்தா விழும். அங்க இருந்து பாலமீன்மடு முகத்துவாரத்துக்குப் போனா 1913ல கட்டின வெளிச்சவீடு, அதுக்கு அங்கால மணல்திட்டி. ஆலாக்கூட்டம், கடல்காகம், உப்புக்கொத்தி எல்லாம் ஒரே மணலுல காத்துக்கு எதிரா மூஞ்சியத் திருப்பிக்கொண்டு நிக்கும். அந்த இடத்துல பத்து மணிக்குப் பிறகு நிண்டா மண்டை காஞ்சிரும், சொல்லிட்டன்.

வாவி 56 கிலோமீட்டர் நீளம், அதுல உங்கட ஊருக்குக் கிட்ட ஒரு துண்டு கட்டாயம் இருக்கும். ஆரையம்பதிப் பக்கமா மண்முனைப் பாலத்துக்குப் போற ரோட்டு எனக்கு மிச்சம் விருப்பம். 2014ல பாலம் வர முதல் பாதையில (ஆளையும் வண்டியையும் ஏத்திப் போற மிதவையில) ஏறித்தான் அக்கரைக்குப் போறது, அந்தக் காலத்துல பாதைக்குக் காத்து நிண்ட நேரத்துல குருவி பாத்திருந்தா இண்டைக்கு நான் பெரிய ஆளாயிருப்பன். பாலத்துக்கு மேல பைக்க நிப்பாட்டாதீங்க, டிப்பர் போற ரோட்டு. கரையோரமா இறங்கி கண்ணா மரப் பத்தைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க. காலையில ஆரையம்பதிப் பக்கம், பின்னேரமெண்டா பாலத்தக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம். பேருல கொக்கு இருக்கு எண்டு சந்தோசப்படாதீங்க, அது கொக்கட்டி எண்ட மரம். கொக்கும் இருக்குதான், அது வேற கதை.

படுவான்கரை ஆக்களுக்கு உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் எண்டு பெரிய குளங்கள் இருக்கு. இப்ப தண்ணி நிறைய இருக்கும், நடுக்குளத்துல இருக்கிற தாராவெல்லாம் புள்ளி மாதிரித்தான் தெரியும். பெரிய குளத்துல தண்ணிய பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க. தண்ணி வத்திக்கொண்டு போகக்க வெளிய வாற சேத்து ஓரத்துலதான் உள்ளான் எல்லாம் நிக்கும்.

அம்பாறைப் பக்கம் இன்னும் வசதி. கல்முனையில இருந்து நாவிதன்வெளிக்குப் போற கிட்டங்கி ரோட்டுல ரெண்டு பக்கமும் தண்ணியில மிதக்கிற ஆத்துவாழைச் செடி. அந்த இலைக்கு மேல நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும் நடந்து திரியும். நீளவால் இலைக்கோழிக்கு இந்த மாசங்கள்லதான் வால் நீண்டு வளரும், பிடரியில தங்க நிறம் வரும். அந்தக் குடும்பத்துல முட்டைய அடைகாக்கிறது, குஞ்சு வளக்கிறது எல்லாம் ஆம்பிளதான், பொம்பிள முட்டையப் போட்டுட்டு அடுத்த ஆம்பிளயத் தேடிப் போயிருவா. என்ட மனுசிக்கு இத சொன்னதுல இருந்து அவவும் கிட்டங்கிக்கு வாறா.

இறக்காமம் குளம், அம்பாறை டவுணுக்குக் கிட்டவே இருக்கிற கொண்டவெட்டுவான் குளம், திருக்கோயில் பக்க ஆக்களுக்கு சாகாமம், பொத்துவில் ஆக்களுக்கு அறுகம்பைக் களப்பு. இறக்காமத்துல ஒருக்கா நிண்டு எண்ணிக்கொண்டிருக்கக்க ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மார இஞ்ச அப்பிடித்தான் கூப்பிடுறது) சைக்கிள நிப்பாட்டிட்டு, "தம்பி, காக்காவையும் எண்ணுவீங்களா?" எண்டார். "ஓம் காக்கா, எல்லாத்தையும் எண்ணணும்" எண்டன். "அப்ப என்னையும் சேத்து எழுதுங்க" எண்டுட்டுப் போயிட்டார்.

லாகுகலை, கல்லோயா எல்லாம் தேசியப் பூங்கா, டிக்கட் எடுத்துத்தான் உள்ள போகணும். கல்லோயா 1954ல அறிவிச்சது, இங்கினியாகலையில இருந்து சேனாநாயக்க சமுத்திரத்துல படகுல போகலாம். காசு கொஞ்சம் செலவாகும், நாலஞ்சு பேரா சேந்து போனா சமாளிக்கலாம். அத ரெண்டாம் வருசத்துக்கு வெச்சுக்கொள்ளுங்க.

வெள்ளைக் கொக்கெல்லாம் ஒரே கொக்கில்ல

இடத்துக்குப் போயாச்சு. முதல் அஞ்சு நிமிசம் பைனோகுலரத் தொடாதீங்க. நீங்க வந்த அரவத்துல கிட்ட இருந்ததெல்லாம் எழும்பியிருக்கும், திரும்பி வரட்டும். மறுகா ஒரு பக்கத்துல இருந்து மற்றப் பக்கத்துக்கு மெதுவா ஓரத்தையே பிடிச்சுக்கொண்டு பாருங்க.

புது ஆக்கள் அபூர்வமான குருவியத் தேடி ஓடாம, முதல் மாசம் மூண்டே மூண்டு குழப்பத்த மட்டும் தீர்த்துக்கொள்ளுங்க.

முதலாவது வெள்ளைக் கொக்கு. சின்னக் கொக்குக்கு சொண்டு கறுப்பு, கால் கறுப்பு, ஆனா பாதம் மட்டும் மஞ்சள், மஞ்சள் சொக்ஸ் போட்ட மாதிரி. சேத்துக்குள்ள நிண்டா பாதம் தெரியாது, பறக்கக்க பாருங்க. பெரிய கொக்கு கழுத்த நீட்டினா ஒரு வளைவு முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், வாய்க்கோடு கண்ணத் தாண்டிப் பின்னால போகும். இடைக்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணோட நிண்டிரும். மாட்டுக்குப் பின்னால திரியிற உண்ணிக்கொக்கு கட்டை, சொண்டு மஞ்சள், இப்ப பாத்தீங்கண்டா சிலதுக்குத் தலையில தோடம்பழக் கலர் ஏறத் தொடங்கியிருக்கும்.

ரெண்டாவது கறுப்புக் கூட்டம். சின்ன நீர்க்காகம் கட்டை, சொண்டும் கட்டை. அதவிடக் கொஞ்சம் பெருசா, சொண்டு மெலிஞ்சு நீண்டு, நுனியில கொளுவி வளைஞ்சிருந்தா இந்திய நீர்க்காகம், வெளிச்சம் சரியா இருந்தா கண் பச்சை நீலமா மின்னும். கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல பாம்பு மாதிரி வந்தா அது பாம்புத்தாரா, சொண்டு ஈட்டி மாதிரி நேர, நுனியில வளைவு இல்ல. நான் ரெண்டு கிழமையா "நீர்க்காகம்" எண்டு எழுதினதுக்குள்ள இந்த மூண்டும், ரெண்டு கொக்கும், ஒரு அரிவாள் மூக்கனும் இருந்திருக்கும் எண்டு இப்ப யோசிக்கிறன்.

மூண்டாவது குருட்டுக்கொக்கு. இதத்தான் கொஞ்சம் கிட்ட நிண்டு பாக்கச் சொல்லுவன். வட்டை (வயல்) வரம்புல, தண்ணி பாயிற வக்கடைப் பக்கம், களிமண் நிறத்துல கழுத்த உள்ள இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். நீங்க பாக்கல்ல எண்டு அது நினைக்கிது, நீங்களும் உண்மையாப் பாக்கல்ல. காலடிக்குக் கிட்ட வந்ததும் "குவாக்" எண்டு எழும்பும், எழும்பினதும் ஒரு நொடியில முழு வெள்ளைச் செட்டை. மண்ணுக்குள்ள இருந்து வெள்ளைக் கடதாசி வெடிச்ச மாதிரி. நாலு முழம் தள்ளி இறங்கி செட்டைய மடிச்சா திரும்பவும் மண். பங்குனி முடியக்க இதே கொக்குக்கு முதுகு கருஞ்சிவப்பா மாறியிருக்கும், அப்ப ஒளியவும் கொஞ்சம் கஷ்டம்தான் அதுக்கு.

எனக்கு நடந்த இன்னொரு அவமானம். உறுகாமத்துல மண்ணிறக் கழுகு ஒண்டக் கண்டு, படம் எடுத்து, வாட்சப் குறூப்புல "மட்டக்களப்புக்குப் புது வரவு" எண்டு போட்டுட்டன். அது செம்பருந்துட குஞ்சு. பெருசானாத்தான் தலை வெள்ளையும் உடம்பு செம்பும், சின்னனா இருக்கக்க முழுக்க மண்ணிறம். இப்பவும் கல்யாண வீட்டுல கண்டா "புது வரவு எப்பிடி?" எண்டுதான் கேக்கிறானுகள்.

வெட்டு மெசினுக்குப் பின்னால

வட்டையில வேளாண்மை வெட்டு நடக்கிற நாளுல குளத்துக்குப் போகாதீங்க, வட்டைக்குப் போங்க. சம்மாந்துறையோ, வெல்லாவெளியோ, வவுணதீவோ எங்க எண்டாலும் சரி. வெட்டு மெசின் போகக்க முன்னால இருக்கிற வெட்டுக்கிளி, தவளை எல்லாம் பாயும், பின்னால கொக்குக் கூட்டம் மெசினோட நடந்து வரும், டிரைவர் கிறுகினா அதுகளும் கிறுகும். மேல பஞ்சுருட்டான் கரண்ட் கம்பியில இருந்து பாஞ்சு தும்பியப் பிடிச்சுக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும், குந்தினதும் தும்பிய கம்பியில ரெண்டு அடி அடிச்சுப்போட்டுத்தான் முழுங்கும். வாலும் பிட்டமும் நீலமா இருந்தா அது நீலவால் பஞ்சுருட்டான். வெட்டி முடிஞ்ச ஈரத் துண்டுல நத்தைகுத்தி நாரை வரும், சொண்டு ரெண்டும் நடுவுல ஒட்டாம இடைவெளி விட்டிருக்கும், பாக்குவெட்டி மாதிரி. நெல்லுத்தாளுக்குள்ள கால வெச்சா கோணல்மாணலா எழும்பிப் பறக்கிறது கோரைஉள்ளான், அது வட ஆசியாவுல இருந்து வந்த ஆள்.

போக முதல் வட்டைக்காரர்ட ஒரு சொல்லு கேட்டிட்டுப் போங்க. வரம்ப மிதிச்சு உடைக்காதீங்க, மெசினுக்குக் கிட்டப் போகாதீங்க. கேட்டுட்டுப் போனா பிளேன்டீயும் கிடைக்கும், "அந்தப் பக்கம் நேத்து பெரிய நாரை நாலு நிண்டிச்சு" எண்டு தகவலும் கிடைக்கும். அவங்க நாள் முழுக்க அங்கதான் நிக்கிறாங்க, எங்களவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு வளவையும் மறக்காதீங்க

வெளிய போக ஏலாத ஆக்களுக்கு, வயசான ஆக்களுக்கு, சின்னப் புள்ளையளோட இருக்கிற அம்மாமாருக்கு இது. பங்குனி முடிய முதல் வளவுல ரெண்டு பேரத் தேடுங்க. ஒண்டு ஆறுமணிக்குருவி. காலையில ஆறு மணி, பின்னேரம் ஆறு மணிக் கணக்கா ரெண்டு விசில் சேத்து அடிக்கிற மாதிரிக் கூப்பிடும், சருகுக்குள்ள நிலத்துல திரியும், பச்சை முதுகு, அடியில சிவப்பு, கண்ணுக்குக் குறுக்க கறுப்புப் பட்டி. வளவ சுத்தமாக் கூட்டி சருகெல்லாம் எரிக்கிற வீட்டுக்கு அது வராது, ஒரு மூலையில சருகு கிடக்கட்டும். சித்திரையோட இந்தியாவுக்குப் போயிரும். மற்றது கீச்சான். முருங்கைக் கொப்பு நுனியில தனிய இருந்து சண்டைக்கு நிக்கிற மாதிரிக் கத்தும், கண்ணுல கறுப்புப் பட்டி கட்டின கள்ளன் மாதிரி இருக்கும்.

குயிலும் இந்த நேரம்தான் தொண்டையத் திறக்கும். கூவுறது கறுப்பு ஆம்பிள, பொம்பிள மண்ணிறத்துல வெள்ளைப் புள்ளி. காகம் அதத் துரத்திறதக் கண்டா காகத்துல பிழை சொல்லாதீங்க, அது தன்ட கூட்டுல முட்டை போட வந்தவளத்தான் துரத்துது.

எழுதி வைக்கிறது

திகதி, நேரம், இடம், என்ன கண்டது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் கொப்பி. பேர் தெரியாட்டி "சேத்துல, மைனா அளவு, கால் மஞ்சள், வால ஆட்டிக்கொண்டே இருக்கு" எண்டு எழுதுங்க, பேரு பிறகு வரும். உங்கட உம்மா, அம்மம்மா சொல்லுற பேரையும் எழுதுங்க. அது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

பெரிய கூட்டத்த எப்பிடி எண்ணுறது? முதல்ல ஒரு ஓரத்துல பத்து எண்ணுங்க. அந்தப் பத்துக்கு எவ்வளவு இடம் போகுது எண்டு கண்ணுல பிடிச்சுக்கொள்ளுங்க, மறுகா அதே அளவால கூட்டத்த அளந்துகொண்டு போங்க, நெல்ல மரைக்காலால அளக்கிற மாதிரி. "நிறைய" எண்டு எழுதாதீங்க, நிறைய எண்டா அடுத்த வருசம் பாக்கக்க ஒண்டும் விளங்காது.

போனுல மெர்லின், ஈபேர்ட் எண்டு ரெண்டு ஆப் இருக்கு, ரெண்டும் இலவசம். மெர்லினுக்கு இலங்கைக் குருவிப் பட்டியல வீட்டு வைபையில முதலே இறக்கி வையுங்க, குளத்துக்கட்டுல சிக்னல் இருக்காது. சத்தத்தக் கேட்டு பேரு சொல்லும், ஆனா அது சொல்லுறத வேதவாக்கா எடுக்காதீங்க, பைக் சத்தத்துக்கும் அது ஒருக்கா எனக்கு ஒரு குருவிப் பேரு சொல்லியிருக்கு. கண்ணால கண்டத மட்டும் ஈபேர்ட்டுல போடுங்க. மாசி மாசத்துல உலகம் முழுக்க நாலு நாள் வீட்டு வளவுக் குருவி எண்ணுற நிகழ்வு நடக்கும், பதினைஞ்சு நிமிசம் எண்ணினாலே சேத்துக்கொள்ளுவாங்க. ஒவ்வொரு தையிலயும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வேற நடக்கும், இலங்கையில அத சிலோன் பேர்ட் கிளப் பொறுப்பா நடத்துது. ஒரு வருசம் பழகினதுக்குப் பிறகு அதுல சேந்துகொள்ளலாம்.

ஆனை, முதலை, ஆமி

இத விளையாட்டா எடுக்காதீங்க. உன்னிச்சை, நவகிரி, வெல்லாவெளி, அம்பாறை, லாகுகலை எங்கயும் பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு ஆனை குளத்துக்கு இறங்கும். அறுவடை முடிஞ்சா கிட்டங்கிப் பக்கம் ஊருக்குக் கிட்டவே வரும். ஊராக்கள்ட "ஆனை நிக்குதா?" எண்டு கேக்காம கட்டுல ஏறாதீங்க, தனியப் போகாதீங்க, பைக்க ரோட்டுப் பக்கம் மூஞ்சி காட்டி நிப்பாட்டுங்க. நல்ல ஆலா நிக்கிது எண்டு இன்னும் பத்து நிமிசம் நிக்கிறது எனக்கும் வாற ஆசைதான், ஆனாலும் இருட்ட முதல் வெளிக்கிடுங்க. வாவியிலயும் குளத்துலயும் முதலை இருக்கு, படம் எடுக்கப்போய் முழங்காலளவு தண்ணியில நிக்காதீங்க.

ஆமி கேம்ப், ஏர்போர்ட், பொலிஸ் பக்கம் கமராவையோ பைனோகுலரையோ தூக்காதீங்க. யாராவது கேட்டா ஒளிக்காம புத்தகத்தக் காட்டி "குருவி பாக்கிறம் சேர்" எண்டு சொல்லுங்க. என்ன ரெண்டுதரம் விசாரிச்சிருக்காங்க, ரெண்டாந்தரம் வந்தவர் பைனோகுலர வாங்கி அரைமணித்தியாலம் கூழைக்கடா பாத்திட்டுத்தான் தந்தார்.

கூட்டுக்குக் கிட்டப் போகாதீங்க. ஆக்காட்டி வெறும் நிலத்துலதான் முட்டை போடும், தலைக்கு மேல கத்திக்கொண்டு சுத்தினா நீங்க கூட்டுக்குக் கிட்ட நிக்கிறீங்க எண்டு அர்த்தம், வந்த வழியாலேயே பின்னுக்குப் போங்க. போனுல சத்தம் போட்டுக் குருவியக் கூப்பிடுறதும் வேணாம். கொக்கு, தாரா இறைச்சி எண்டு யாராவது கொண்டுவந்தா வாங்காதீங்க, 1937 வனவிலங்குச் சட்டத்துல கிட்டத்தட்ட எல்லாக் காட்டுப் பறவைக்கும் பாதுகாப்பு இருக்கு, வித்தவரும் மாட்டுவார், வாங்கினவரும் மாட்டுவார்.

வாற சனிக்கிழமை எழுவான்கரையில இருக்கிற ஆக்கள் காலையில அஞ்சே முக்காலுக்கு வீட்டுல இருந்து வெளிக்கிடுங்க, படுவான்கரை ஆக்கள் பின்னேரம் நாலு மணிக்குப் போனாப் போதும். கொப்பியில முதல் பக்கத்துல இடத்துட பேர எழுதி கீழ கோடு போடுங்க. என்ட கொப்பியில போன பங்குனிக்குக் கடைசிப் பக்கம் இப்பிடித்தான் இருக்கு: "மண்முனை, காலை 6.20, காத்தில்ல. கரண்ட் கம்பியில தகைவிலான் 140. உப்புக்கொத்தி 32, நெஞ்சு சிவப்பு. பாம்புத்தாரா 1, செட்டை காயவைக்குது." அடுத்த கிழமை அதே இடம், அதே நேரம். கம்பி வெறுங்கம்பி.